பதினோராவது டேக்

என் வேலை ஞாபகம் வைத்திருப்பது.
போன ஷாட்டில் எந்தப் பொத்தான் திறந்திருந்தது,
சிகரெட் எதுவரை எரிந்திருந்தது,
ஷெரீப்பின் நட்சத்திரம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது.
மடியில் நோட்டு. கழுத்தில் ஸ்டாப் வாட்ச்.
அலபாமா, ஜூன் மாதம்.
கோர்ட் படிக்கட்டு செருப்பைத் தாண்டிச் சுட்டது.

கதை இவ்வளவுதான்:
கறுப்பர் ஒருவர் ஷெரீப் தேர்தலில் ஜெயிக்கிறார்,
ஊர் கொதிக்கிறது.
கொதிக்க ஆள் வேண்டுமென்று
மளிகைக்கடைக் கதவில் நோட்டீஸ் ஒட்டினோம்.
நாளுக்கு ஏழு டாலர், மதியச் சாப்பாடு.
நூற்றுச் சொச்சம் பேர் வந்தார்கள்.
வந்ததும் தாங்களாகவே இரண்டு வரிசையானார்கள்;
நாங்கள் கயிறு கட்டியிருந்தது ஒரு வரிசைக்கு.

"அவர் படியேறுகிறார். நீங்கள் வெறுக்கிறீர்கள்"
என்று ஒலிபெருக்கியில் சொன்னார் இயக்குநர்.
உரக்கடை டாய்ல் ஸ்ட்ரிக்லண்ட் கையைத் தூக்கினார்:
"வசனம் தருவீங்களா,
இல்லை, எங்ககிட்ட இருக்கறதே போதுமா?"
யாரோ சிரித்தார்கள்.
ஒரே டேக்கில் ஓகே.
ஒலிப்பதிவாளர் காதிலிருந்ததைக் கழற்றி
மடியில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்.
கத்திய சொற்களை நான் குறித்தாக வேண்டும், டப்பிங்குக்கு.
குறித்தேன்.
இப்போது எடுத்துப் பார்த்தாலும்
அந்தப் பக்கத்துக் கையெழுத்து என்னுடையதாகத் தெரியவில்லை.

நட்சத்திரம் குத்தியிருந்த நடிகர் சிகாகோக்காரர்.
மோட்டலில் இடமில்லை என்றார்கள்.
'அறை உண்டு' என்று வாசலில் சிவப்பு விளக்கு
விடியும்வரை எரிந்தது.
அவர் லுவீனியா டார்வர் வீட்டுப் பின்னறையில் படுத்தார்.
காலையில் பார்த்தால் காக்கிச் சட்டையில் புதிதாக
கத்தி போல் ஒரு மடிப்பு.
முந்தைய ஷாட்டோடு ஒட்டாது,
"கசக்கணும்" என்றேன்.
இஸ்திரி போட்டவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.
"ஜெயிச்சவன் கசங்கியா வருவான்?"

மூன்றாம் நாள் வாக்குச்சாவடிக் காட்சி.
லுவீனியா சீட்டை மடித்துப் பெட்டியில் போட வேண்டும்,
அவ்வளவுதான்.
முதல் டேக்கில் மைக் நிழல் விழுந்தது.
இரண்டாவதில் மரம் ஏற்றிய லாரி ஒன்று
வேண்டுமென்றே ஹாரன் அடித்துக்கொண்டு போனது.
அதே லாரி மூன்றாவதிலும்.
ஆறாவதில் அவள் விரல் நடுங்கியது,
இயக்குநர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்;
ஆனால் ஃபோகஸ் போயிருந்தது.
"அதே மாதிரி இன்னொரு தடவை நடுங்குங்க, அம்மா."
அவளால் முடியவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது.
கோழி ஆலையில் நாளெல்லாம் எலும்பு பிரிக்கிற கை
பழகிவிட்டது.

பதினொன்றில் கட் சொன்னதும் என்னிடம் வந்தாள்.
"மொத்தம் எத்தனை போட்டேன்?"
"பதினொன்று."
"நெசமா பேரைச் சேர்க்க இதே கட்டடத்துக்கு
மூணு தடவை வந்தேன்.
மூணாவது தடவை எழுதிக்கிட்டார். அதோ, அவர்."
மரத்தடியில் எங்கள் சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டிருந்தார்
கும்பலில் கத்திய ஒருவர்.
"எழுதறப்ப சத்தமே போடலை.
அடுத்த மாசம் வாடகை ரெண்டு மடங்கு."

நவம்பரில் இங்கே நிஜத் தேர்தல்.
ஷெரீப் பதவிக்கு ஒரே ஒரு பெயர்,
ஸ்ட்ரிக்லண்டின் மைத்துனர்.

கடைசி நாள் சாமான்களை எண்ணிக் கட்டினோம்.
துப்பாக்கி நாலு, தொப்பி ஒன்பது, தகர நட்சத்திரம் இரண்டு.
பொய் வாக்குச்சீட்டு முந்நூறில் ஒன்று குறைந்தது:
கறுப்பு வேட்பாளரின் இல்லாத பெயர் அச்சடித்து
பக்கத்தில் பென்சிலால் சிலுவை போட்டது.
பெட்டியடியில் தேடினார்கள், படியின் இடுக்கில் தேடினார்கள்.
பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
ஞாபகம் வைத்திருப்பவள் நான்தானே.

காற்றில் பறந்திருக்கும் என்றேன்.
அன்று முழுக்க
ஒரு இலைகூட அசையவில்லை.