கட்டம்

வீடு வாங்கிப் பத்தொன்பது நாள்.
ஏஜாக்ஸில், திரைச்சீலை இன்னும் போடாத குசினியில்
ஒரு படிவம் கேட்கிறது:
நீங்கள் கத்தோலிக்கரா?

எங்கள் வரி
எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவதென்று
அரசுக்குத் தெரியவேணுமாம்.
நூற்றைம்பது வருசத்துக்கு முந்தி
யாரோ தாடிக்காரர் பேசி முடித்த சமாதானம்
சாதகக் கட்டத்தைவிடச் சின்னதொன்றுக்குள்
மடிந்து கிடக்கிறது.

றெக்சன் பேனையைத் திறந்துவிட்டு
என்னைப் பார்க்கிறான்.
அவனுக்கு மன்னாரில் ஞானஸ்நானம்.
எனக்குத் திருநீறு.
மகளுக்கு இரண்டுமில்லை, இன்னும் பல்லுமில்லை.

"உன்ர கட்டத்தை வெறுமையா விடு."
வெறுமைக்கும் இங்கே
ஒரு பேர் வைத்திருக்கிறார்கள்:
பொது.

ஒல்லாந்தர் தோம்பில்
என் பூட்டனுக்குப் பூட்டன்
பிலிப்பு என்று கிடக்கிறானாம்.
பகலில் வேதக்காரன்,
விளக்கு வைத்தபின் சைவன்,
எல்லாம் நாலு பரப்புக் காணிக்காக.
எழுத்தனின் இறகுப் பேனையை
அவனும் இப்படித்தான்
பார்த்துக்கொண்டு நின்றிருப்பான்.

றெக்சன் தன் கட்டத்தில் கீறிவிட்டான்.
நான் வெறுமையாக விட்டேன்.
ஒரே கூரை, இரண்டு வரி.

மகளுடைய கட்டம் மறுபக்கத்தில்.
தாளை நான் இன்னும் திருப்பவில்லை.