இணைப்பில் இருங்கள்

கடவுச்சீட்டின் பதினேழாம் பக்கத்தில்
வேலை செய்ய அனுமதி இல்லை என்று
நீல முத்திரை.
கருத்து சொல்லலாமா கூடாதா என்று
அதில் எதுவும் இல்லை.
இருமுறை படித்துப் பார்த்தேன்.

ஆகவே காலை ஒன்பதேகாலுக்கு
கணவன் ரயிலேறிய பிறகு
வானொலிக்குப் போன் போடுகிறேன்.
"செத்தாப்பாக்கிலிருந்து மதுரவல்லி."
"வணக்கம் மதுரவல்லி, பசியாறியாச்சா?"
முதல் வருடம் இந்தக் கேள்விக்கு
எத்தனை இட்லி என்பதுவரை பதில் சொன்னேன்.
இப்போது "ஆச்சு" என்கிறேன்,
பசியாறாமலே.

மின்படிக்கட்டில் எந்தப் பக்கம் நிற்பது,
பேசியிருக்கிறேன்.
பள்ளிப் பையின் எடை பற்றி,
எனக்குப் பிள்ளை இல்லாதபோதும்.
பேரங்காடிக்குள் புகுந்த உடும்பைப்
பிடித்தது சரியா என்ற நாளில்
நான் உடும்பின் கட்சி.
அது எந்த விசாவில் வந்ததாம் என்று கேட்டேன்.
அறிவிப்பாளர் சிரித்துவிட்டு
அவசரமாக விளம்பரம் போட்டார்.

ஊரில் இருந்தவரை
செய்தித்தாள் அப்பாவுடையது.
சினிமாப் பக்கம் மட்டும்
மத்தியானத்துக்கு மேல் என்னிடம் வரும்,
எண்ணெய்க் கறையோடு.
விருதுநகரில் தண்ணீர் நின்றால்
யாரும் எங்களிடம் கருத்து கேட்டதில்லை.
குடத்தை எடுத்தோம்.
இங்கே வந்துதான்
தண்ணீர் ஒரு தலைப்பு ஆனது.

போன செவ்வாய்:
நீர் விநியோகத் தடை, நான்கு நாள்.
நான் சொன்னது இவ்வளவுதான்.
அட்டவணை போட்டால் அதன்படி நிறுத்துங்கள்,
செவ்வாய் என்றுவிட்டுத் திங்கள் இரவே
தலையில் ஷாம்பூவோடு என்னை நிறுத்தாதீர்கள்.

அடுத்த அழைப்பு ஒரு பெண்.
"பேரு வேணாம். நானும் செத்தாப்பாக்தான்.
வெளியூர்க்காரங்களுக்கு நம்ம நாட்டப் பத்தி
என்னாங்க தெரியும்?
பிடிக்கலன்னா அவங்க ஊருக்குப் போயி
குளிக்கட்டும் லா."
குரலில் சளி.
'நாட்ட'வுக்கும் 'பத்தி'க்கும் நடுவில்
ஒரு தும்மல், பூனை தும்முவதுபோல.

நான் வானொலியை அணைக்கவில்லை.
பிறகு ஒரு பழைய பாட்டு போட்டார்கள்.
அதையும் முழுதாகக் கேட்டேன்.

மாலை ஆறரைக்குத் தண்ணீர் லாரி.
ஏ பிளாக்கும் பி பிளாக்கும் ஒரே வரிசை.
காவலாளி ரொஸ்லான் விசிலோடு.
மிஸஸ் ஓங் துரியான் கூடையைக் கொண்டுவந்திருந்தார்,
உள்ளே நெகிழிப் பை விரித்து.
எனக்குப் பின்னால் ஒரு பூனை தும்மியது.

"உங்க வாளி சின்னதா இருக்கே.
வீட்ல எத்தன பேரு?"

திரும்பினேன்.
தாதிச் சீருடை, வெள்ளைச் சப்பாத்து,
தூங்காத கண்கள்.
"ரெண்டு பேர்" என்றேன்.
இரண்டு சொல்லில் ஊர் தெரியாது என்று நினைத்தேன்.
தெரிந்துவிட்டது.
அவள் பார்வை ஒரு கணம்
என் வாயில் நின்று நகர்ந்தது.

இருவரும் லாரியைப் பார்த்தோம்.
குழாய் இருமி இருமிச்
செம்மண் நிறத்தில் கொஞ்சம் துப்பியது.
அப்புறம் தன் இரண்டாவது வாளியை,
மூடி போட்டது, நீலம்,
காலால் என் பக்கம் தள்ளினாள்.
"நாளைக்குக் குடுங்க. ஏ பிளாக், பதினொண்ணு நாலு."

நன்றி சொன்னேன்.
மன்னிப்பு யாரும் யாரிடமும் கேட்கவில்லை.
லாரிக்காரர் வேறு
அடுத்த சடக்குக்கு அவசரப்பட்டார்.

வாளி இன்னும் என் குளியலறையில்.
தண்ணீர் வந்து மூன்று நாள்.
கொண்டுபோனால் உள்ளே கூப்பிடுவாள்,
உட்கார்ந்தால் பேச வேண்டியிருக்கும்.
கருத்து சொல்வது வேறு, பேசுவது வேறு.

இன்றைய தலைப்பு:
சாப்பாட்டுக் கடையில் வெறும் சுடுதண்ணீருக்கு
ஐம்பது சென் வாங்கலாமா?
எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு,
இரண்டு உதாரணங்களோடு.

"இணைப்பில் இருங்கள்" என்கிறது இயந்திரம்.
எனக்கு முன்னால் ஒருத்தி.
சளி விட்டிருக்கிறது, ஆனால் அவள்தான்.
"பேரு வேணாம்..." என்று தொடங்கியவள்
நிறுத்தி,
"சரி, போட்டுக்குங்க. தவமலர்" என்கிறாள்.
வாங்கட்டுமே, கேஸ் என்ன சும்மாவா வருது,
கிளாஸ் கழுவுறவங்களுக்குச் சம்பளம் வேண்டாமா?

சுத்தத் தப்பு.
காத்திருக்கிறேன்.