பதவி அல்லது தொழில்

பத்தரைக்குப் பிளேன்டீ வரும்.
கூடவே வரும்
பிறக்கப்போகிற என் பிள்ளைக்குப் பெயர்.

"ஷாவில முடிய வேண்டாம் தேவி,
அது இப்ப ஓட்டோவுக்குப் பின்னால எழுதுற பேர்."
மேர்சி மிஸ் வடையைப் பிட்டாள்.
"சின்னதா, சுத்தத் தமிழில வை.
படிச்ச ஆக்கள் இப்ப அப்பிடித்தான்."

"தமிழெண்டாலும் பாத்துத்தான்,"
கோபாலரத்தினம் சேர் கண்ணாடியைத் துடைத்தார்.
"பூமணி, கனகம்மா எண்டு வச்சிராத.
அது படுவான்கரை.
கூப்பிட்டாலே சாணி மணக்கும்."

"அதையும் பொறுக்கலாம் சேர்.
இந்தக் குவைத் போய் வந்தவளுகள்,
கழுவி விட்ட வீட்டுப் புள்ளையிட பேரை
இஞ்ச கொண்டந்து வைக்கிறாளுகளே!"

நானும் சிரித்தேன்.
நல்லாகவே சிரித்தேன்.
வயிறு குலுங்கியதில்
உள்ளே இருந்தது ஒருமுறை புரண்டது.

ரீம், என் அக்காவின் மகள்.
நான்கு வருசம் இடுப்பில் தூக்கிய பிள்ளையின் பெயர்.
அக்கா அங்கிருந்து
சுங்கத்தில் காட்டாமல் கொண்டுவந்தது
அது ஒன்றுதான்.

கன்னங்குடா என்று நான் இங்கே சொன்னதில்லை.
கல்லடி என்பேன், வாடகைக்கு இருக்கும் இடத்தை.
தெய்வானைப்பிள்ளையைத் தேவியாக்கியதும்
அவர்கள் இல்லை.
வேலைக்கு வந்த முதல் நாளே
தலையையும் வாலையும் நறுக்கி
நான்தான் கொடுத்தேன்.

இந்தப் பதிவேட்டில் ஒரு கேஷிகாவை எனக்குத் தெரியும்.
பார் வீதி டொக்டர் வீட்டில் பிறந்தாள்.
அந்த வருசம் அந்தப் பெயருக்குக்
கார்க் கதவு மெதுவாய் மூடுகிற சத்தம் இருந்தது.
பிறகு அது பஸ் ஏறி
வலையிறவுப் பாலம் தாண்டியது.
வவுணதீவில் மேசன் ஒருவரின் மகள்,
கரடியனாற்றில் செங்கல் சூளையடியில் ஒருத்தி,
ஆயித்தியமலையில் இரட்டையில் மூத்தது.
மறுகா டொக்டர் வீட்டில் இரண்டாவது பிறந்தது.
நிலா என்றார்கள்.
மூத்தவளை இப்போது வீட்டிலும்
'கே' என்றுதான் கூப்பிடுகிறார்களாம்.
நிலாவும் பாலத்தடியில்
பஸ்ஸுக்கு நிற்பதை நான் கண்டேன்,
போன மாதம், இரண்டு தடவை.

இரவு, என் காலுக்கு எண்ணெய் தேய்த்தபடி
அவர் கேட்டார், "பேர் ஏதும் அம்பிட்டதா?"
"அம்பிட்டதெல்லாம்
ஆரோ கழிச்சு விட்டது" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. மற்றக் காலை எடுத்தார்.

நேற்று, பூட்டுகிற நேரம் ஒருவன் வந்தான்.
உள்ளங்கையில் பேனையால் எழுதிய பெயர்.
வியர்வையில் கடைசி எழுத்து ஊறிப் போயிருந்தது.
"ஷாவா, சாவா?"
கையைப் பார்த்தான், மறுகா என்னை.
"எது நல்லம், மிஸ்?"

எனக்குப் பின்னால் மேர்சி மிஸ் இருமினாள்.
அது இருமல் இல்லை என்று
அவனுக்கும் விளங்கியது.
முகத்தைக் கம்பிக்குக் கிட்டக் கொண்டுவந்து
குரலைத் தாழ்த்தினான்.
"இந்தப் பேரக் கேட்டா
ஆக்கள் கண்டுபிடிப்பாங்களா மிஸ்,
எங்கட புள்ள எண்டு?"

'எங்கட' என்றபோது
தன் காற்சட்டையைப் பார்த்துக்கொண்டான்.
முழங்காலில் காய்ந்த சீமெந்து.

நான் ஷா போட்டேன்,
என்னால் ஏலுமான வடிவான கையெழுத்தில்,
அடித்தெழுதாமல்.
நல்ல பேர் என்று சொல்ல வாய் வரை வந்தது.
சொன்னால் அரசாங்கம் சொன்னதாகிவிடும் என்று
எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.
மேர்சி மிஸ் இன்னும் போகவில்லை.

அடுத்த கட்டம்:
தகப்பனின் பதவி அல்லது தொழில்.

பேனை நின்றது.
அவன் பக்கத்தில் ஆளிருக்கா என்று பார்த்துச்
சொன்னான்.

பிறகு,
"அதக் கொஞ்சம் சின்னதா எழுதுங்க, மிஸ்."