ஏழு பூச்சியம்

சுருளில் இருந்து இழுத்து
ஏழு வளையம் எண்ணி வெட்டுகிறாள் தாதி.
ஒன்றோடொன்று ஒட்டிய ஏழு பூச்சியம்.
கூட்டினாலும் பூச்சியம்,
பெருக்கினாலும் பூச்சியம்.
டொக்டர் மிருதுளா அதை இடுக்கியால் பிடித்து
வேட்டைப்பல்லில் கொளுவி
கடைவாய் வரைக்கும் இழுத்து மாட்டுகிறா.
"கொஞ்சம் இறுக்கும், அன்ரி."

அன்ரி என்றதுதான் முதலில் வலித்தது.

பக்கத்துக் கதிரைப் பெட்டை
நீலம் ஒன்று, வெள்ளை ஒன்று என்று
அடம்பிடித்துக் கேட்டாள்.
நான் நிறமில்லாததைக் கேட்டேன்.
முப்பத்தெட்டு வயதுக்கு அதுதான் மரியாதை.
மூன்றாம் நாள் சொதி மஞ்சளில்
அது பழுத்துப் போயிற்று.
மறைக்கப் போட்டது
ஆஸ்பத்திரி வீதி முழுக்கத் தெரிந்தது.

"நிறோஜினி, கலியாணம் ஏதும் பேசுகினமோ?"
பதிவேட்டு அறையில் சுகந்தமலர் கேட்டா.
இல்லையக்கா, சீட்டு விழுந்தது.
சீட்டுக் காசில் சங்கிலி செய்யிறதுதானே வழமை,
நானும் சங்கிலிதான் போட்டிருக்கிறன்.

முதல் இரவு
பல் ஒவ்வொன்றும் தன் பெயரைச் சொல்லி வலித்தது.
புட்டைச் சொதியில் ஊறவிட்டு
நாக்கால் நசித்து விழுங்கினேன்.
பனடோல் இரண்டு.
மாதத்துக்கு ஒரு மில்லிமீற்றர், அவ்வளவுதானாம்.
பல் போகிற பக்கம் எலும்பு கரையுமாம்,
விட்டு வந்த பக்கம் எலும்பு வளருமாம்.
இதை எங்கேயோ கேட்டிருக்கிறேன்
என்று விடியும் வரை யோசித்தேன்.

மல்லாகம் நீதிமன்றில்.
வழக்கு: வேலி.
கனகலிங்கம், வைரவநாதன்,
ஒரே மாமனாரின் சீதனக் காணியை
இரண்டாய்ப் பிரித்து எடுத்த சகலன்மார்.
வருசா வருசம் வேலி அடைக்கையில்
கதியால் ஒரு விரற்கடை தள்ளி ஊன்றப்பட்டது.
பத்தொன்பது வருசம்.
இருட்டில் இல்லை, பட்டப்பகலில்,
இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்துக் குடித்து.
கிளுவைக்கு என்ன தெரியும்?
ஊன்றிய இடத்தில் வேர்விட்டு
எப்போதும் அங்கேயே நின்றது போலத் தழைத்தது.

சார்ஜன்ட் சிங்களத்தில் சொல்ல
நான் தமிழில் சொல்ல வேண்டும்.
பதினொரு வருசமாக இதுதான் என் வேலை:
மற்றவர் வாயால் வருவது
கூடாமல் குறையாமல் என் வாயால் வருவது.
இப்போதோ பல் பிடுங்கிய இடைவெளியில்
ஒவ்வொரு "ச"வும் சீழ்க்கை அடிக்கிறது.
சார்ஜன்ட். சாட்சி. சத்தியம்.
இரண்டாம் தரப்பின் கடைசி மகன் சிரித்தான்.
நீதவான் தன் பேனையைப் பார்த்தார்.

"மாயிம," என்றார் சார்ஜன்ட்.
நான் வாயைத் திறந்தேன்.

டிக்.

பின்பக்கம் எங்கேயோ ஒரு வளையம் அறுந்து
நுனி கன்னத்தின் உட்புறம் சுண்டியது.
மன்று காத்திருந்தது.
கனகலிங்கம் என் வாயைப் பார்த்தார்,
வைரவநாதனும் என் வாயைப் பார்த்தார்.
பத்தொன்பது வருசத்தில் அந்த இரண்டு பேரும்
சண்டையில்லாமல் ஒரே இடத்தைப் பார்த்தது
அன்றைக்குத்தானாக்கும்.

"எல்லை," என்றேன்.
அதில் "ச" இல்லை. சுத்தமாக வந்தது.

வழக்குக்கு அடுத்த மாதம் தவணை.
பல்லுக்கு வெள்ளிக்கிழமை.
"அறுந்தால் பயமில்லை அன்ரி,
பிந்தினால்தான் வந்த வழியே திரும்பப் பார்க்கும்.
பிறகு, ஒன்றை இழுக்க மற்றதும் கொஞ்சம் வரும்,
கடைவாய்ப் பல்லும் சாதுவாய் முன்னுக்கு வந்திருக்கு."
யாரும் வழக்குப் போடாத நகர்வு அது.
நாக்கால் தடவிப் பார்த்தேன்,
எந்தப் பக்கம் யாருடையது என்று பிடிபடவில்லை.

"இந்த முறை கடும் நிறமாய் எடுங்கோ,
மஞ்சள் தெரியாது."
கிளுவைப் பச்சை இருக்கோ, என்று கேட்டேன்.
தாதி சிரித்துக்கொண்டே
அடித்தட்டில் இருந்த சுருளை எடுத்தாள்,
வழமைபோல ஏழு எண்ணினாள்.
"இடைவெளி குறைஞ்சிட்டுது," என்றா டொக்டர்,
"ஆறு காணும்."