பெரிய வெள்ளி

இந்த வருஷம் பெரிய வெள்ளியும்
வரிப் படிவத்தின் கடைசித் தேதியும்
ஒரே நாளில் வந்துவிட்டன.
மும்மணி ஆராதனை முடிந்து,
வெள்ளைச் சேலையைக்கூட மாற்றாமல்,
யீஷூனில், பதினோராம் மாடியில்,
சமையலறை மேசையைத் துடைத்துவிட்டு
மடிக்கணினியைத் திறக்கிறேன்.
விசைகளின் இடுக்கில் இன்னும் மாவு.

சம்பளம் ஏற்கெனவே அங்கே ஏறியிருக்கிறது:
பலதுறை மருந்தகம், பதிவு முகப்பு, பதினெட்டு வருஷம்.
அதில் ஒளிக்க இடமில்லை,
ஆகவே பெருமைப்படவும் ஒன்றுமில்லை.
அதற்குக் கீழே ஒரு கட்டம்.
பிற வருமானம்.
ஆறு வருஷமாக அதில் சைபர் போட்டு வருகிறேன்,
டம்ளரைக் கவிழ்த்து மாவில் வெட்டியதுபோல்
உருண்டையான சைபர்.

இந்த வாரம் மட்டும்
சிலுவை போட்ட பன் இருநூற்று நாற்பது.
ஒன்று ஒன்றரை வெள்ளி. ரொக்கம் மட்டும்.
"ஃபோனில் அனுப்பட்டுமா அக்கா?" என்றாள்
மூன்றாம் மாடி கெங்காதேவி.
"வேண்டாம்மா, கணக்கு குழம்பிடும்."
இன்று போதகர் முப்பது வெள்ளிக்காசைப் பற்றிப் பேசியபோது
நான் முன்னூற்று அறுபதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

கணக்கு குழம்பவில்லை.
தசமபாகம் ஒரு மாதமும் தவறியதில்லை.
மாவு, வெண்ணெய் செலவு போக
நின்ற ரொக்கத்தை எண்ணி
பத்தில் ஒன்றை உறையில் இட்டு
மேலே "கேக்" என்று எழுதுவேன்.
எது எங்கிருந்து வந்ததென்று
ஆண்டவருக்குத் தெரியாமல் போய்விடக் கூடாதே.
பொருளாளர் ஞானசிகாமணி
ஜனவரியில் அச்சடித்துத் தந்த காணிக்கைச் சீட்டு
இதோ, சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால்:
ஜெசிந்தா தேவநேசம். சம்பளம் இவ்வளவு.
கேக், எழுநூற்று நாற்பது வெள்ளி.

ஒரு சைபரைச் சேர்த்தால் போதும்.
அதே சைபர்தான்,
இடம் மாறி உட்கார வேண்டும்.

சூதாட்டக்கூடம் கட்டும் வரியும்
அதே பெட்டிக்குத்தானே போகிறது,
அங்கே என் பன் காசு எதற்கு
என்று தம்பி ஜெபசிங்கிடம் வாதாடியிருக்கிறேன்.
"அந்தப் பெட்டியிலிருந்துதான்
உன் மாடியில் லிஃப்ட் நிற்கிறது" என்றான்.
ஆயக்காரனைக் கூப்பிட்டவர்
அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.
அவனை ஏய்த்தவர்களோடும் சாப்பிட்டிருப்பார்
என்று தேற்றிக்கொண்டேன்.

முகப்பில் தினமும் நான்தான் படித்துச் சொல்கிறேன்:
மருந்து எண்பத்தாறு வெள்ளி,
மானியம் போகப் பதினொன்று.
"மீதியை யார் கொடுக்கிறார்கள்?"
டாக்சி ஓட்டும் திரு கோ ஒருநாள் கேட்டார்.
அரசாங்கம் என்றேன்,
தூரத்துச் சொந்தக்காரர் பெயரைச் சொல்வதுபோல.

காசை வாங்கிப் பார்த்து
இது யாருடைய உருவம் என்று கேட்டவர்
இந்த மேசைக்கு வந்தால்?
சில்லறை டப்பாவில் கைவிட்டேன்.
பத்துக் காசு வந்தது.
ஒரு வெள்ளியில் பத்தில் ஒன்று.
அதில் யாருடைய முகமும் இல்லை.
ஒரு பக்கம் சிங்கமும் புலியும்,
ஓரத்தில் தமிழிலும் ஊர்ப்பெயர்.
மறுபக்கம் அடுக்குமாடி வீடுகள்.
கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.
சன்னல்கள் மிகச் சின்னவை.
பதினோராம் மாடியில் விளக்கு எரிகிறதா
என்று தெரியவில்லை.

இரவு பதினொன்று நாற்பது.
ஏழு. நான்கு. சைபர். சைபர்.
அழுத்தினேன்.
திரை ஓர் எண்ணைத் தந்து
பத்திரப்படுத்தி வைக்கச் சொன்னது.

மீதி ஐந்து வருஷம் இருக்கிறது.
அதற்குத் தனியாகக் கடிதம் எழுத வேண்டும்,
அபராதம் வரலாம்.
"அன்புள்ள ஐயா" வரை வந்திருக்கிறேன்.

விடிந்தால் ஈஸ்டருக்கு நாற்பது கேக்.
கெங்காதேவி மறுபடி கேட்பாள்.
"அனுப்பு" என்று
சொல்லிப் பார்க்கிறேன்,
அடுப்பு சூடாவதற்குள்.