மேல்வரிசையில் ஆறு

"இவ்ளோ டீ குடிப்பீங்களா?" என்று கேட்பார்கள்
குன்னூர் மவுண்ட் ரோட்டில் நான் நிற்கும் கடைக்கு வருகிறவர்கள்.
என் பல்லைப் பார்த்துவிட்டுக்
கையிலிருக்கும் பொட்டலத்தைப் பார்ப்பார்கள்.
ஆமா சார், டீதான் என்பேன்.
சிலர் கிரீன் டீக்கு மாறிவிடுவார்கள்.
முதலாளி போஜன் நல்ல மனுஷர்.
விலை சொல்றப்ப மட்டும் சிரிக்காதேம்மா என்பார்.

கொரோனா வந்த வருடம்
மூச்சு முட்டுகிறது என்றார்கள் எல்லோரும்.
எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.
துணிக்குப் பின்னால் இரண்டு வருடம்
பல் தெரியச் சிரித்தேன்.
ஏலக்காயா மசாலாவா என்று
வாய் நிறையக் கேட்டேன்.
கழற்றலாம் என்று அறிவித்த பிறகும்
கடையில் நான் ஒருத்திதான் கழற்றவில்லை.
அதையும் கேட்க ஆரம்பித்தார்கள்.
ஏலச்சீட்டை எடுத்தேன்.

பெட்ஃபோர்டில் மாடிப்படி ஏறி
டாக்டர் ஜெஸிந்தா முன்னால் வாயைத் திறந்தேன்.
டீ இல்லை, வெற்றிலை இல்லை, என்றார் அவராகவே.
இது உள்ளேயிருந்து வந்த கறை.
கண்ணாடியைக் கையில் கொடுத்துக்
கம்பி நுனியால் தொட்டுக் காட்டினார்.
நுனியில் ஒரு சாம்பல் பட்டை
நடுவில் பழுப்பு
ஈறுக்குப் பக்கத்தில் இன்னொன்று.
"பல் முளைக்கும் முன்பே, உள்ளே உருவாகும்போது
யாரோ மருந்து கொடுத்திருக்கிறார்கள்.
இது ஒரு வயதில்.
இது மூன்று இருக்கலாம்.
இது நாலைத் தாண்டி."
கொழுந்து எடை போட்ட சீட்டைப்போல
மேலிருந்து கீழ் வாசித்தார்.

பந்தலூர்ப் பக்கம் எங்கள் லயத்தில்
காய்ச்சல் என்றால் அண்ணன் தவராசாவின் காய்ச்சல்.
எட்டு நாள் அடித்தது. ஒன்பதாம் நாள் அவன் இல்லை.
அதற்கு முன்னும் பின்னும்
அந்த வீட்டில் யாருக்கும் உடம்பு சுட்டதேயில்லை
என்பதுபோல்தான் பேச்சு.
நீ கல்லு மாதிரி, உனக்கு ஒரு தும்மல் கிடையாது,
இது அம்மா.
கல் மாதிரிதான் இருந்தேன்.

படியில் நின்றபடியே போன் போட்டேன்.
மஞ்ச சிரப்பா என்றாள்.
கம்பவுண்டரு எல்லாப் புள்ளைக்கும் அதத்தான் ஊத்துவாரு.
எனக்கு எத்தனை தடவ?
மூணு தடவ தூக்கிட்டு ஓடுனேன், அடை மழையில.
மூணு தடவையும் அரைப்பேரு போட்டான் கங்காணி.
ஏன் சொல்லல?
பொழச்சுக்கிட்டியே,
அப்புறம் அதுல சொல்ல என்ன இருக்கு.
குக்கர் கத்தியது. வைத்துவிட்டாள்.

அடுத்த செவ்வாய் நிற அட்டை வந்தது.
சாவிக்கொத்துபோல் பதினாறு பொய்ப்பல்.
இருப்பதிலேயே வெள்ளையைத் தொட்டேன்.
டாக்டர் அதை உதட்டருகே வைத்துப் பார்த்து
"இதைப் போட்டால்
பல் முதலில் கடைக்கு வரும்,
நீங்கள் அடுத்த பஸ்ஸில் வருவீர்கள்" என்றார்.
உதவிக்கு நிற்கும் ஷைலாவும் நானும்
ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய்
லேசாக மஞ்சள் தட்டிய ஒன்றில் நின்றோம்.
ஒன்று எட்டாயிரம்.
மேல்வரிசையில் ஆறு.
அதற்கு மேல் சீட்டுப்பணம் எட்டாது.

முன்பக்கத்தை மெல்லிசாகச் சீவினார்.
தண்ணீரோடு தூள் நாக்கில் விழுந்தது,
எந்த வயசின் தூள் என்று தெரியவில்லை.
துப்புங்க என்றார்.
கொஞ்சம் தாமதித்துத் துப்பினேன்.

ஒட்டி நாற்பது நாள் ஆகிறது.
போன ஞாயிறு கரூர்க்காரர் ஒருவர்
என் வாயைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"நீங்க டீயே குடிக்க மாட்டீங்க போல?"
போஜன் கல்லாவுக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.
நான் சிரித்தேன்,
விலை சொல்லும்போதே.

கீழ்வரிசை அப்படியேதான் இருக்கிறது.
சிரித்தால் தெரியாது, பேசினால் கொஞ்சம் தெரியும்.
ராத்திரி பல் தேய்த்த பிறகு
நாக்கு மேலே வழுக்கிவிட்டுக்
கீழே வந்து நிற்கிறது.
அங்கே அம்மா
மூன்றாவது தடவையாக என்னைத் தூக்கிக்கொண்டு
டிஸ்பென்சரிக்கு இறங்குகிறாள்.

அடுத்த சீட்டு தை மாதம்.
கீழேயும் செய்துவிடலாமே என்கிறார் டாக்டர்.
பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.