திங்கள், புதன், வெள்ளி

பலதுறை மருந்தகத்தில் குறித்துத் தந்த நாளில்
பத்து மணிக்கு வந்தார் ரொஹானா.
பராமரிப்பு ஆலோசகர் என்றது கழுத்தட்டை.
செருப்பைக் கழற்றியதும் அவர் குனிந்து பார்த்தது
கால்மிதியைத்தான்.
"இது வழுக்கும். எடுத்துவிடுங்கள்."
தீபாவளிக்குத் தேக்காவில் வாங்கியது,
மயில் போட்டது.
சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

குளியலறைப் படியை அளந்தார்.
ஒரு சாண்கூட இல்லை, ஆனாலும் படி.
மாத்திரை டப்பாவைத் திறந்தார்.
செவ்வாய்க்கிழமை அப்படியே இருந்தது.
அன்றைக்கு வியாழன்.
ஒன்றும் சொல்லாமல் மூடினார்.

பிறகு ஒரு தாளில் கட்டம் போட்டார்,
வாரத்துக்கு நூற்று அறுபத்தெட்டு மணி நேரம்.
அப்பாவோடு யார், எப்போது?
நான் சொல்லச் சொல்ல
ஒரே நிறத்தில் நிரம்பியது தாள்.
பெர்த்திலிருந்து வாட்ஸ்அப்பில்
நெற்றி மட்டும் தெரிந்த தம்பி
"நான் பணம் அனுப்புறேனே" என்றான்.
மறுக்கவில்லை அவர்.
அதற்கும் ஒரு கட்டம் வைத்திருந்தார் ஓரத்தில்.
"மேகலா, நீங்கள் தூங்குவது எந்தக் கட்டத்தில்?"
ஆங்கிலத்தில்தான் கேட்டார்.
தமிழில் கேட்டிருந்தாலும் தெரிந்திருக்காது.

அப்பா ஜன்னலோரம் இருந்தார்,
புக்கிட் பாத்தோக்கின் எதிர் புளோக்கைப் பார்த்தபடி.
தஞ்சோங் பகாரில் முப்பத்தோரு வருஷம்
சரக்கு இறக்கியவர்.
பக்கவாதத்துக்குப் பிறகு எங்கள் இருவரின் தமிழும்
'சாப்டீங்களா'வுக்கும் 'ம்'முக்கும் சுருங்கிவிட்டது.
ரொஹானா நாற்காலியை இழுத்துப் போட்டு
முட்டிக்கு முட்டி உட்கார்ந்து
"பாக்சிக், அப்பா கபார்?" என்றார்.
அந்த 'அப்பா'வுக்கு மலாயில் 'என்ன' என்று அர்த்தம்.
இந்த அப்பா நிமிர்ந்தார்.

வாய் ஒரு பக்கம் கோணினாலும்
வந்துகொண்டே இருந்தது துறைமுகத்து மலாய்.
கப்பல் பெயர்கள், யாரோ ஒரு மண்டோர்,
எப்போதோ அறுந்த ஒரு கயிறு.
எனக்கு மீன் விலை கேட்கிற அளவுதான் தெரியும்.
அடுப்படியில் நின்றபடி
ஒரே ஒரு சொல்லைப் பிடித்தேன்,
மாலு.
திரும்பவும், மாலு.
சின்ன வயதில் விருந்தாளி வந்தால்
அப்பாவின் கால்சட்டைக்குப் பின்னால் ஒளிவேன்.
பக்கத்து வீட்டு மாக்சிக் அதைச் சொல்லித்தான் சிரிப்பார்.

அடுப்படிக்கு வந்து குரலைத் தணித்துக்கொண்டார்.
"குளிப்பாட்டுவது நீங்கள்தானா?"
ஆறு வருஷமாக.
"மகள் இல்லையா, அவருக்குக் கூச்சமாக இருக்கிறதாம்.
சொன்னால் நீங்கள் மனசு கஷ்டப்படுவீர்கள் என்று
சொல்லாமல் இருந்தாராம்."
நிறைய வீடுகளில் இப்படித்தான் என்றார்,
படிவத்தில் எதையோ குறித்துக்கொண்டே.
அந்த வாரம் அவருக்கு நாங்கள் நாலாவது வீடு.

ஆறு வருஷம்.
தண்ணீர் ஊற்றும்போதெல்லாம்
கண்ணை இறுக மூடிக்கொள்வார்.
சோப்பு எரிகிறதாக்கும் என்று
எரியாத ஷாம்பூ வாங்கினேன்,
குழந்தைகளுக்கானது,
இரண்டு வெள்ளி கூட.

இப்போது ஆங் மின் வருகிறார்,
மியன்மார்க்காரர், கெட்டியான தோள்.
மானியம் போக மீதி தம்பியுடையது.
முதல் நாள் துண்டோடு கதவுக்கு வெளியே நின்றேன்.
இடுக்கு வழியே கை வந்து
துண்டை வாங்கிக்கொண்டது.
"அக்கா, ரெஸ்ட்."
நாற்பது நிமிஷம்.
சுத்தமாக இருந்த அடுப்பைத் துடைத்தேன்.
புதன்கிழமையும் துடைத்தேன்.
வெள்ளிக்கிழமை
நடைபாதைக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து
கீழே ஒருவர் காரை நிறுத்தத் திணறுவதைப்
பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் நிறுத்தி முடிக்கும்வரை.
உள்ளே அப்பா ஊற்றும் குவளைகளை எண்ணுகிறார்,
சத்து, டுவா, தீகா,
மூட்டை எண்ணுகிற குரலில்.

தாளில் மூன்று சின்னக் கட்டங்கள் மஞ்சளாகியிருக்கின்றன.
மற்றதெல்லாம் பழைய நிறம்தான்.
செவ்வாய்க்கிழமை மாத்திரையை
இன்னும் சில வாரம் மறக்கிறேன்.

ஷாம்பூ பாதிக்கு மேல் மிச்சம்.
ஆங் மின் வேறு கொண்டுவருகிறார் என்பதால்
நான் போட்டுக்கொள்கிறேன்.
போத்தலில் எழுதியிருப்பது உண்மை,
கண் எரிவதில்லை.